கால்வாயோடு நின்ற கம்பங்கள்

இன்று காலை மாட்டுத் தீவனக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு நீல டிரம்மைத் திறந்து, கறுப்பாக, கெட்டியாக எதையோ அள்ளித் தவிட்டில் கலந்தார். ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகு அது, மாடு விரும்பித் தின்னும் என்றார். இனிப்பும் புளிப்புமான அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தவிட்டு மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூட்டை எங்கே என்று மனைவி கேட்டாள். நீ செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறதடா. இதுவரை அழாதவன் தீவனக் கடையில் போய் அழுதேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மறந்துவிட்டேன் என்றேன்.

உன் பட்டறையில் இந்த வாடைதான் இருக்கும். மணலில் அந்தப் பாகை ஊற்றிப் பிசைந்து, கையளவு உருவமாகப் பிடித்து, அடுப்பில் வைத்துச் சுடுவாய். கல் மாதிரி இறுகிவிடும். அதை அச்சுக்குள் வைத்து, உருக்கிய இரும்பை ஊற்றினால் பம்புசெட்டுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் கிடைக்கும். அந்தச் சக்கரம் தேய்ந்துவிட்டால் நம் பக்கத்து விவசாயி மெட்ராஸுக்கு பஸ் ஏற வேண்டியிருந்த காலம் அது. அவன் போய்த் திரும்புவதற்குள் நாற்று காய்ந்துவிடும். "உத்திரமேரூர் மோட்டாருக்கு உத்திரமேரூர்லயே சக்கரம்" என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அப்போது பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் தொழில் விரிவு அலுவலர். சிறுதொழில் தொடங்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவதுதான் வேலை. என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்ற முதல் உருப்படியான மனிதன் நீதான்.

நீயும் நானும் எஸ்.எஸ்.எல்.சி. வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் காலேஜுக்குப் போனேன், நீ மெட்ராஸுக்கு. இரும்பு வார்க்கிற கம்பெனியில் பத்து வருஷம் மணல் பிசைந்தாய். எஸ்தரைக் கட்டிக்கொண்டு, தொழிலையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாய். ஆபீஸுக்குள் என்னை "சார்" என்பாய். வெளியே புளியமரத்தடிக்கு வந்ததும் "டேய்". உள்ளே ஏன் சார் போடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "உன் நாற்காலிக்குத்தான்டா, உனக்கு இன்னா மரியாத" என்றாய்.

உன் மனுவை வாங்கிய அன்று நான் செய்த முதல் காரியம், சிவப்பு மையில் 'முன்னுரிமை' என்று எழுதியது. விவசாயத்துக்குத் துணை நிற்கிற தொழில்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பம்புசெட் பாகங்கள் அதில் மேலே இருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னுரிமை என்றால் எல்லா இலாகாவும் ஒன்றாகச் சேர்ந்து தூக்கிவிடும் என்று உனக்கு விளக்கம் வேறு சொன்னேன். அதே வாரம் மனு கொடுத்த மாவு மில்லுக்கு இருபது நாளில் கரண்டு வந்துவிட்டது. மாவு மில் முன்னுரிமைத் தொழில் இல்லை. அதனால் கரண்டு ஆபீஸ் ஒன்றே பார்த்து முடித்துவிட்டது. உன்னுடையது முன்னுரிமை. அதனால் ஐந்து ஆபீஸ்கள் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஐந்தையும் நீ விரல் விட்டு எண்ணிக் காட்டுவாய். கரண்டு ஆபீஸ். ஏரி, கால்வாய்களைப் பார்க்கிற ஆபீஸ். சிமென்ட்டுக்குப் பர்மிட் தருகிற ஆபீஸ். இரும்பும் கரியும் கோட்டாவில் ஒதுக்குகிற ஆபீஸ். கடைசியாக என்னுடையது. பட்டறையில் மெஷின் ஓடினால்தான் நிரந்தரப் பதிவு. கரண்டு வந்தால்தான் மெஷின் ஓடும். கட்டடம் எழும்பினால்தான் கரண்டு. சிமென்ட் வந்தால்தான் கட்டடம். பதிவு இருந்தால்தான் சிமென்ட். தற்காலிகப் பதிவு என்று ஒன்றைக் கொடுத்து நான் அந்த வட்டத்தை ஓரிடத்தில் அறுத்தேன். அதன் ஆயுள் ஒரு வருஷம். அதற்குள் கரண்டு வராவிட்டால் பதிவு போகும், பதிவோடு இரும்புக் கோட்டாவும் கரிக் கோட்டாவும் போகும். இது உனக்குத் தெரியும். உன் தெருவிலிருந்து பட்டறை வேலைக்கென்று அறுப்புக் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த ஆறு பேருக்கும் தெரியும். அவர்கள் தினமும் காலையில் வந்து மணல் சலித்தார்கள். சலித்த மணலையே மறுநாளும் சலித்தார்கள்.

நடுவில் பாகு விவகாரம். மதுவிலக்கு இருந்த காலம் அல்லவா. உன் பட்டறையிலிருந்து வந்த வாடையைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, இது சாராயம் காய்ச்சுகிற சரக்கு என்று டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இது குடிப்பதற்கல்ல, மணலில் கலப்பதற்கு என்று நான் முத்திரையோடு கடிதம் எழுதிக்கொண்டு ஸ்டேஷனில் போய் நின்றேன். ஏட்டு ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, மணலுக்கு எதுக்கு சார் போதை என்றார். நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் நீ முழுசாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். ஐந்து ஆபீஸும் நீள மேசையைச் சுற்றி உட்காரும். பிஸ்கட்டும் டீயும் வரும். ஒவ்வொரு தொழிலாக எடுத்து, யார் என்ன செய்தீர்கள் என்று பெரிய அதிகாரி கேட்பார். குறிப்பு எழுதுகிறவன் நான். உன் பட்டறை ஏழாவது பொருள். எட்டு மாதமும் ஏழாவதாகவே இருந்தது. கரண்டு ஆபீஸ் கால்வாய் ஆபீஸைப் பார்க்கும், கால்வாய் ஆபீஸ் ஜன்னலைப் பார்க்கும். கம்பம் கால்வாயைத் தாண்டித்தான் உன் பட்டறைக்கு வர வேண்டும். தாண்டுவதற்குக் கால்வாய் ஆபீஸின் கடிதம் வேண்டும். நான் ஊர் திரும்பி உன்னிடம் 'பரிசீலனையில் உள்ளது' என்பேன். "நாலு பேர் சேந்து ஒரு பொணத்தத் தூக்கிடறான். அஞ்சு ஆபீஸ் சேந்து ஒரு கம்பத்தத் தூக்க முடியலயா?" என்று ஒருநாள் கேட்டாய். நான் அதற்கும் ஏதோ ஆபீஸ் பதில்தான் சொன்னேன்.

பெரிய அதிகாரி நேரில் பார்க்க வந்த நாள்தான் நம் இருவருக்கும் நல்ல நாள். ஐந்து ஆபீஸும் ஒரே ஜீப்பில் வந்தது அந்த ஒரு தடவைதான். உலைக்குக் காற்று ஊதுகிற மெஷினுக்குக் கரண்டு இல்லாததால் நீ அதற்கு ஒரு கைப்பிடி போட்டிருந்தாய். ஆறு பேரும் முறை வைத்துச் சுற்றினார்கள். இரண்டு மணி நேரம். ஒருவன் மயங்கி உட்கார்ந்தான், எஸ்தர் ஓடிவந்து நீராகாரம் கொடுத்தாள். கடைசியில் இரும்பு இளகி வந்தது. நீ கரண்டியைத் தூக்கி அச்சில் ஊற்றினபோது அதிகாரிகள் கை தட்டினார்கள். பிறகு சாப்பாடு எங்கள் வீட்டில். என் நைனா தலைவாழை இலை போட்டு எல்லோரையும் உபசரித்தார். உன்னை வா என்று நானும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. "இரும்பு ஆறணும் சார், நான் இங்கியே கீறன்" என்று நீயாகவே சொல்லி எங்களைக் காப்பாற்றினாய். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் சக்கரத்தை அச்சிலிருந்து உடைத்தெடுத்து, அரத்தால் ராவி, எண்ணெய் தடவி வைத்திருந்தாய். அதை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் போனபிறகு அதை என் கையில் வைத்தாய். முதல் சக்கரம் உனக்குத்தான் என்றாய்.

மறுவாரமே கம்பங்கள் வந்தன. யூனியன் ரோட்டிலிருந்து ஒன்பது கம்பம் வரிசையாக நட்டார்கள். ஒன்பதாவது, கால்வாய்க் கரையில் இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் உன் பட்டறை. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் நான் நேராகச் சொன்னதே இல்லை. அந்த மாதக் கூட்டம். பெரிய அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. போவதற்கு முன் பட்டியலைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. தப்பான ஆசை இல்லை. ஏழாவது பொருள் வந்தது. கம்பம் நட்டாயிற்றா என்றார். நட்டாயிற்று என்றது கரண்டு ஆபீஸ். கால்வாய் ஆபீஸ், ஆட்சேபணை ஒன்றும் இல்லை, கடிதம் திங்கட்கிழமை வந்துவிடும் என்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நான் எழுதினேன்: நடவடிக்கை முடிந்தது, இப்பொருளைக் கைவிடலாம்.

கூட்டத்தில் ஒரு வேலை முடிந்தால் அப்படித்தான் எழுதுவோம். எல்லாப் பொருளுக்கும் ஒருநாள் வருகிற வரி அது. உனக்கு அது வந்துவிட்டது என்று பெருமையோடு எழுதினேன். திங்கட்கிழமை கால்வாய் ஆபீஸுக்குப் போனால், அங்கே இருந்தவர் குறிப்பை எடுத்து என்னிடமே நீட்டினார். முடிஞ்ச பொருளுக்கு எப்படி சார் கடிதம் கொடுக்கிறது என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் உலகத்தில் எவனும் வேலைக்காக அசைவதில்லையடா. அடுத்த மாதம் மேசையில் கேள்வி வரும் என்பதற்காக அசைகிறான். கேள்வியை நானே அடித்துவிட்டேன். கடிதம் இல்லாமல் கரண்டு ஆபீஸ் கம்பியை இழுக்காது. பொருளை மறுபடி சேர்க்க வேண்டுமானால், முடியாததை முடிந்தது என்று ஏன் எழுதினாய் என்று குறிப்பு எழுதியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். என்னிடம் விளக்கம் கேட்டு என் ஆபீஸுக்கே கடிதம் வந்தது. எழுதினேன். புதிதாக வந்த அதிகாரி, அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்றார். நினைவூட்டுக் கடிதம் போட்டேன். அதற்கு நினைவூட்டு. அந்த நினைவூட்டுக்கும் ஒரு நினைவூட்டு. உன் பதிவின் ஆயுளில் இன்னும் இரண்டு மாதம்தான் மிச்சம். நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லாமல் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கரண்டு ஆபீஸ் இன்ஜினீயர் நல்ல மனிதர். ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். பட்டறைக்குப் பின்னால் ஒரு புன்செய் நிலம். அதைத் தாண்டினால் திருப்புலிவனம் ரோடு. ரோட்டோரமாகவே கம்பி போகிறது. நிலத்தின் வழியாக நேராக வந்தால் மூன்றே கம்பம். கால்வாயும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். நிலத்துக்காரர் சம்மதம் என்று வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் நான்கு நாளில் விளக்கு எரியும் என்றார். முதலிலேயே அப்படி வந்திருக்கலாம், அது தனியார் நிலம், நிலத்துக்காரரிடம் போய்ச் சம்மதம் கேட்டு நிற்க வேண்டாம் என்றுதான் கால்வாய்ப் பக்கம் போனோம் என்றார். பிறகு தலையைத் தூக்கி, "அது உங்க நைனா நெலந்தானே சார்?" என்றார்.

அன்று சாயங்காலமே சம்மதக் கடிதத்தை டைப் அடித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். பாக்கலாம் என்றார். மறுநாளும் கேட்டேன். பாக்கலாம். ஆபீஸில் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில், வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது நாள் கடிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து மூடி போட்டு என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"ஆறு பேர் இப்பவே அறுப்புக்கு வர்ல. பட்டற ஓட ஆரமிச்சிச்சின்னா மீதி பேரும் பூடுவானுங்க. அப்பறம் நம்ம நெல்ல நீயா அறுப்ப?"

அறுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன்.

அடுத்த நாள் நீ என்னை ஒன்பதாவது கம்பத்தடிக்கு வரச் சொன்னாய். இன்ஜினீயர் போட்ட கோடு உன் காதுக்கும் எட்டியிருந்தது. கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாய்.

"எங்கப்பா அந்த நெலத்துல முப்பது வருசம் கூலிக்கு வரப்பு அண்ட வெட்னாரு. அந்த வழியா எனுக்கு கரண்டு வரதுக்கு உங்க நைனா ஒத்துக்க மாட்டாரு. அது தெரிஞ்ச கதைதான். ஆனா நீ போயி கேட்டு, அவுரு இல்லன்னு சொல்லி, அத நீ என்கிட்ட வந்து சொன்னன்னு வையி, அப்பறம் நீயும் நானும் பேசிக்கினு இருக்க முடியாது. அதனால நீ கேக்காத. நீ கேக்கவே இல்லன்னு நான் நெனச்சிக்கினு போறன்."

மூன்று நாள் கேட்டுவிட்டு, கையெழுத்தில்லாத கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். சரி என்று தலையை ஆட்டினேன்.

பங்குனியில் பதிவு காலாவதி ஆனது. கோட்டாவும் போயிற்று. ஆறு பேரும் அறுப்புக்குத் திரும்பினார்கள். முதல் நாள் எங்கள் வயலுக்குத்தான் வந்தார்கள். வரப்பில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தேன். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நீ எஸ்தரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் போனாய். ஒன்பது கம்பமும் கம்பி இல்லாமல் வருஷக்கணக்காக நின்றன. எங்கள் வீட்டு மாட்டையே எட்டாவதில் கட்டியிருக்கிறோம்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பம்புசெட் சக்கரம் தேய்ந்துவிட்டது. நைனா என்னைத்தான் மெட்ராஸுக்கு அனுப்பினார். விசாரித்துக்கொண்டு நீ வேலை செய்த கம்பெனிக்கே வந்தேன். மணல் அப்பின முகத்தோடு வெளியே வந்தாய். மோட்டாரின் அளவைக் கேட்டு, நாலைந்தை உருட்டிப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாய். அங்கே நாற்காலி எதுவும் இல்லை. நான் உனக்கு எந்த அதிகாரியும் இல்லை. இருந்தும் நீ சொன்னாய்: "பாத்து எடுத்துக்கினு போங்க சார். கீய போட்டா ஒடஞ்சிடும்."

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், சாவு, திருவிழாவில் சந்தித்தோம். நீ என்னை டேய் என்று கூப்பிடவே இல்லை. நான் கேட்டது உனக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை கேட்கவே இல்லை என்று நீ நம்பியதால்தான் அப்படியா? இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். உன் நெஞ்சில் மணல் தூசி ஏறி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதாவது வந்து கேட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு தடவை வந்துவிட்டுத் திரும்பினேன். சேதி வந்ததும் எஸ்தரோடு போனில் பேசினேன். உங்க பேரை அடிக்கடி சொல்வாரு என்றாள். என்னவென்று சொல்வான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நைனா போய் வெகுகாலம் ஆகிறது. அந்தப் புன்செய் இப்போது என் பேரில் இருக்கிறது. தீவனக் கடையிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து மட்டும் அழியவில்லை. கீழே நிலத்துக்காரர் கையொப்பம் என்ற இடம் காலியாகவே இருந்தது. போட்டேன். கையெழுத்து கோணலாக விழுந்தது.

இதை எந்த ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஃபேன் காற்றுக்குப் பறக்கிறது. நீ கொடுத்த சக்கரத்தை எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன்.